லேபிள் உரித்த டப்பாக்கள்

உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் யுத்தம்தான். மாமனார் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுது என்றபோது, "வயசானா வண்டி அப்படித்தான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். தட்டில் உப்பு குறைவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சமையல் மருமகளுடையது. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஊரார் துணியைப் பிடித்தும் பிரித்தும் கொடுப்பவள். புருஷன் லாரியோடு கிளம்பினால் எப்போது திரும்புவான் என்று லாரிக்கே தெரியாது. ஆகவே கிழவரின் வாயும் வயிறும் அவள் தலையில். புதுப் பல்செட் ஈறைக் கடித்ததில் அவர் மென்று தின்பதை விட்டுவிட்டார். டெப்போ கேன்டீனில் குடித்துப் பழகிய டப்பா சூப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சரி, சூப்தானே என்று அவள் விட்டுவிடவில்லை. கிட்னி கிளினிக் நர்ஸிடம் போய் டப்பாவைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். "பின்னாடி கட்டம் போட்டிருக்கும் பாருங்க, அதுல சோடியம்னு ஒரு வரி. உங்களுக்கு அதுதான் முக்கியம்" என்றாள் நர்ஸ். பொட்டாசியமும் ஆகாது, வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் பக்கமே போகக்கூடாது என்றும் சொன்னாள். மருமகள் பழக்கூடையையே பரணில் தூக்கிப் போட்டாள்.

கட்டத்தில் இருந்த சூட்சுமத்தையும் அவளே கண்டுபிடித்தாள். அதில் போட்டிருந்த சோடியம் முழு டப்பாவுக்கு இல்லை, ஒரு பரிமாறலுக்கு. ஒரு டப்பா இரண்டு பேருக்கு மேல் காணும் என்று கம்பெனிக்காரன் கணக்குப் போட்டிருக்கிறான். டிரைவர் சாப்பிடுவதை அவன் பார்த்ததில்லை, பாவம். பெருக்கிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. அன்றே கடைக்குப் போய், ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சோடியம் எல்லாவற்றிலும் குறைவாக இருந்த ஒன்றைத் தேடி எடுத்துவந்தாள்.

அதில் ஒரு சனியன். முன்பக்கம் பச்சை எழுத்தில் 'உப்பு குறைவு' என்று கொட்டை கொட்டையாகப் போட்டிருந்தது. டிரைவர் அதைப் பார்த்தார், கிண்ணத்தைத் தள்ளினார். வாயில் ஒரு சொட்டு வைக்கவில்லை. "இதைக் குடிச்சுட்டு உயிரோட இருக்கறதுக்கு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது அவள் தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள். டப்பாவில் லேபிள் ஒட்டியிருக்கும் ஓரத்தில் ஒரு கீறல். சட்டையின் காலர் கழன்று வருவதுபோல் காகிதம் முழுசாக வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு ஆகும் டப்பாக்களை உரித்து அலமாரியில் அடுக்கினாள். மிச்சத்தை அட்டைப்பெட்டியோடு தையல் மெஷினுக்கு அடியில் தள்ளி, மேலே பழைய போர்வையைப் போட்டு மூடினாள்.

"லேபிள் எங்க?" என்று கேட்டார் டிரைவர்.

"இது நீங்க கேட்ட அதே பழைய சூப்புதான் மாமா. மொத்தமா வாங்கினா இப்படித்தான் தர்றாங்க."

குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "அப்படிச் சொல்லு! இதுலதான் உப்பு இருக்கு" என்றார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உப்பைக் குறைத்த டப்பாவில் உப்பு ருசி எங்கேயிருந்து வந்தது என்று அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். ஜெயித்தவர்கள் எங்கே யோசிக்கிறார்கள்? காலையும் மாலையும் அதையே கொடுத்தாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கிழவர் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். "காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்லம்மா" என்றார். குரலில் அதட்டல் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கையைப் பிடித்துப் பார்த்தாள். நாடி இதோ வரும் அதோ வரும் என்று காக்க வைத்து, மெதுவாக ஒரு துடிப்பு வந்தது.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாலு தெரு தள்ளி இருப்பவள், பேங்க் வேலைக்காரி. தம்பி பெண்டாட்டியின் சமையலைக் கண்கொத்திப் பாம்பு மாதிரி கவனிப்பவள். வந்ததும் வராததுமாக அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "பாதி உடம்பா ஆயிட்டாரே! வயித்துல ஒண்ணும் இல்ல, அதான் மயக்கம். நீ கிளினிக்குக்குப் போன் பண்ணு, நான் சூடா ஏதாவது கொடுக்கறேன்" என்றாள். நேரே அடுப்படிக்குப் போனாள்.

மருமகள் முன்னறையில் நின்று போன் போட்டாள். நல்லவேளை, அதே நர்ஸ்தான் எடுத்தாள். கால் துவண்டது, நாடி தளர்ந்தது எல்லாவற்றையும் கேட்டவள், "ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன், லைன்லயே இருங்க" என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடி லைனில் வந்தாள். "பழம் ஏதாவது கொடுத்தீங்களா?"

"கண்ணுலகூடக் காட்டல சிஸ்டர்."

"உப்புக்குப் பதிலா வேற உப்பு ஏதாவது? சில கம்பெனிக்காரங்க சோடியத்தைக் குறைச்சுட்டு, அந்த இடத்துல பொட்டாசியம் குளோரைடைப் போட்டுடுவாங்க. உப்பு மாதிரியே ருசிக்கும். அவருக்கு அது விஷம். அவர் போடற பிரஷர் மாத்திரை வேற பொட்டாசியத்தை வெளிய விடாது. டப்பாவுல சேர்மானப் பட்டியல் இருக்கும், படிச்சீங்களா?"

படிக்கவில்லை. கட்டத்தைத்தான் படித்தாள். கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஏதோ இருந்தது. சோடியத்தைப் பிடித்த சந்தோஷத்தில் அதை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். உள்ளறையில் நாத்தனார் அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கிண்ணம், ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உரித்த டப்பா ஒன்று காலியாக நின்றது.

"ஆ காட்டுங்கப்பா. இன்னொரு வாய்."

இன்னொரு வாய் என்றால், ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது.

"அண்ணி, கொடுக்காதீங்க!"

நாத்தனாரின் கை அந்தரத்தில் நின்றது. "ஏன்? வெறும் சூப்புதானே? நீ தினம் கொடுக்கறதுதானே?"

என்னவென்று சொல்வது? ஒருவேளை அதில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால்? ஒன்றுமில்லாததற்காகக் குட்டை உடைத்து, கிழவர் இனி ஜென்மத்துக்கும் அவள் கையால் சாப்பிடமாட்டேன் என்றால்? இப்படி ஒரு நினைப்பு அந்த நேரத்தில்கூட வந்தது, வெட்கக்கேடு. நாத்தனார் மறுபடி ஸ்பூனை அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனாள்.

மருமகள் பாய்ந்து ஸ்பூனைத் தட்டிவிட்டாள். சூப் சுவரெல்லாம் தெறித்தது.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள் நாத்தனார்.

மருமகள் ஓடிப்போய் மெஷினுக்கு அடியில் மண்டியிட்டாள். போர்வையை வீசியெறிந்து பெட்டியை வெளியே இழுத்தாள். ஒரு டப்பாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பொடி எழுத்தில் விரலை வைத்துப் படித்தாள். தண்ணீர், கோழி, கேரட், உருளைக்கிழங்கு மாவு. அதற்கு அடுத்தபடியே பொட்டாசியம் குளோரைடு. உப்பு அதற்கும் பின்னால், கடைசிக்கு முன் இருந்தது.

"இருக்கு சிஸ்டர்" என்றாள் போனில். "ரெண்டு வேளையும் முழு டப்பா கொடுத்தேன்."

"இனி ஒரு சொட்டு கொடுக்காதீங்க. அந்த டப்பாவைக் கையோட எடுத்துட்டு வாங்க. வண்டி வந்துட்டே இருக்கு."

நாத்தனார் உள்ளறை வாசற்படியில் நின்று பெட்டியைப் பார்த்தாள். பச்சை எழுத்தைப் பார்த்தாள். அலமாரியில் நிர்வாணமாக நின்ற டப்பாக்களையும் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் விளங்கியது. "லேபிளைக் கிழிச்சு ஏமாத்தியிருக்கே. எங்கப்பாவை" என்றாள். கத்தாமல்தான் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை. கட்டிலில் கிழவர் கண்ணைத் திறந்தபடியேதான் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டப்பாவை வாங்கிப் படித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ரிப்போர்ட் வருவதற்குள்ளேயே ஊசியைப் போட்டார். திரையில் டிரைவரின் இதயம் மேடு பள்ளத்தில் தள்ளாடியது. மருமகள் திரைச்சீலை ஓரமாக நின்று தனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். நாத்தனார் எதிர்ச் சுவரோரம் நின்றாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. "டப்பா கையில வந்ததால அலையாம நேரா இதுக்கே வைத்தியம் பண்ண முடிஞ்சது. இன்னும் ஒரு வேளை அது உள்ள போயிருந்தா நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நாத்தனார் அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஸ்பூன் பிடித்த தன் வலது கையை வெறித்துப் பார்த்தாள். அப்புறம் எழுந்து வந்து மருமகளின் கையை இறுகப் பற்றினாள், வலிக்கிற அளவுக்கு.

மறுநாள் ஆஸ்பத்திரிச் சாப்பாடு வந்தது. மசித்த ஏதோ ஒன்று, ஒரு கிண்ணத்தில். நாத்தனார் ஊட்டப் போனாள். டிரைவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணால் மருமகளைக் கூப்பிட்டார்.

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

பரிமாற வந்த ஆளிடம் அவள் துருவித் துருவிக் கேட்டு வைத்திருந்தாள். "வெந்த அரிசி, கொஞ்சம் கேரட், தண்ணி. அவ்வளவுதான் மாமா. உப்பு இல்ல. உப்புக்குப் பதிலாவும் எதுவும் இல்ல."

"நல்லா இருக்குமா?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"நல்லாவே இருக்காது மாமா."

கிழவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.