பஞ்சு சிவக்காத கால் மணி நேரம்

எண்பத்து நாலு மாசியில், புளி உலுக்க மரமேறிய சவுரியப்பன் கிளை முறிந்து விழுந்தான். அரூர் பக்கம் நான் தியேட்டர் நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டி, ஒரு கண்பாப்பா விரிந்துவிட்டது. சேலத்துக்கு அனுப்பினால் பாதி வழி தாங்க மாட்டான் என்றார் டாக்டர். அவர் மெட்ராஸ் மூளை வார்டில் ஆறு மாதம் நின்றவர், அவ்வளவுதான். எங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?

மண்டையைத் துளைத்து, எலும்பில் கசிந்ததை மெழுகு வைத்து அடைத்தார். ரத்தக்கட்டியை வழித்தெடுத்ததும் அடியிலிருந்து புதுசாக ரத்தம் பொங்கியது. ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் மிஷின் பக்கத்திலேயே இருந்தது. கரன்ட் இல்லை. ஜெனரேட்டர் கேட்டு எழுதி எழுதியே எங்கள் கை ஓய்ந்திருந்தது.

ஆயம்மா டார்ச் பிடித்தாள். மிஷின் வருவதற்கு முன்னால், நோயாளியின் சதையையே நசுக்கி வைத்து ரத்தத்தை நிறுத்துவார்களாம். டாக்டர் அதைச் சொல்லிக்கொண்டே சவுரியப்பன் தொடையில் விரல்நுனி அளவு சதையை வெட்டினார். நசுக்கிக் கசிவின் மேல் வைத்து, ஈரப் பஞ்சால் என்னை அழுத்தச் சொன்னார். கால் மணி நேரம் அழுத்தினேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

கதவிடுக்கில் அவன் மனைவி குள்ளம்மாள் நின்றாள். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு என்றைக்குத் தெரிந்தது? சந்தோஷம் தாங்காமல், "ரத்தம் நின்னுடுச்சும்மா" என்றேன். வீட்டிலிருந்த பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லி, கூட வந்திருந்த அண்ணனை அவள் உடனே மொரப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

தையல் போடும்போதுதான் மயக்க மருந்து டாக்டர், "பல்ஸ் கிடைக்கலை சார்" என்றார். நாங்கள் எல்லோரும் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வைத்த சதை கசிவை அடைக்கவே இல்லை. பொங்குவதற்கு அவன் உடம்பில் ரத்த அழுத்தம் இல்லை, அதனால்தான் நின்றிருக்கிறது. கிடைத்த ஒரே பாட்டில் ரத்தம் முதலிலேயே தீர்ந்துபோயிருந்தது. சலைனை வேகமாக ஏற்றினோம். பல்ஸ் கொஞ்சம் திரும்பியது. கூடவே பஞ்சும் சிவந்தது. அழுத்தினோம், ஏற்றினோம், மறுபடி அழுத்தினோம். மத்தியானம் இரண்டு மணிக்கு டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

நானே போய்ச் சொன்னேன். வேறு யாரையும் அனுப்ப எனக்கு யோக்கியதை இல்லை. குள்ளம்மாள் அழவில்லை.

"நின்னுடுச்சுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க சிஸ்டர். அண்ணன் இந்நேரம் வூட்டுக்குப் போயிருக்கும். காலையிலிருந்து பட்டினி கெடந்த புள்ளைங்க இப்பத்தான் சோறு தின்னுட்டிருக்கும்" என்றாள். முந்தானை முடிச்சிலிருந்து பஸ் காசை எடுத்தாள்.

"இப்ப யாரைங்க அனுப்பறது?"