தானே பார்த்துக்கொள்ளும் காடு

"மண்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பரமநாதன் பத்து நிமிடத்தில் கண்டிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் இருபது வருடமாக மண் ஆராய்ச்சி செய்கிறவருக்கு மண்ணை மண் என்று சொல்ல நா எழாது. எண்பத்தாறாம் ஆண்டு, வத்தேகம வீதிச் சோதனைச் சாவடி. ஜீப்பின் பின்பக்கம் கிடந்த பன்னிரண்டு பொலித்தீன் பைகளைப் பார்த்த ஆமிக்காரன், "மேவா மொனவாத?" என்று கேட்டான். இவை என்ன என்பதுதான் கேள்வி. பரமநாதன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, காபனும் நைதரசனும் பார்ப்பதற்கு என்று நல்ல சிங்களத்தில் விளக்கினார்.

நைதரசன் குண்டுக்கும் உதவும் என்பது அந்தக் காலத்து ஆமிக்காரனுக்குத் தெரியும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. பன்னிரண்டு பையும் தார் வீதியில் ஒரே குவியலாகக் கொட்டப்பட்டன. குண்டு கிடைக்கவில்லை. இரண்டு மண்புழுக்கள் கிடைத்தன. அவற்றிடம் அடையாள அட்டை கேட்கப்படவில்லை. எந்த மண் எந்த இடத்தது என்று இனிக் கடவுளுக்கும் தெரியாது.

அந்த மண் ஓடையோரத்து மூங்கில் சரிவிலிருந்து வந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு முன், தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த பாப்பம்மாவின் குடும்பமும் இன்னும் இரண்டு குடும்பங்களும் அனுமதிப் பத்திரம் வைத்து அங்கே மூங்கில் வெட்டிப் பிழைத்தன. மூன்று வருடமாக அனுமதி இல்லை. இப்போது வனத் திணைக்கள மேலிடம் பரமநாதனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தது: வெட்டாமல் விட்டது மண்ணுக்கு நன்மையா, தீமையா? நன்மை என்று அவர் எழுதினால் அந்தச் சரிவு அவர்களுக்கு இனி என்றைக்கும் இல்லை.

மண் போனால் என்ன, மேசை இருக்கிறதே என்று அவர் முதலில் நினைத்தார். கந்தோர் அறிக்கைகளில் பாதி மேசையிலேயே விளைந்தவைதான். "காடு செழிப்பாக உள்ளது" என்று ஒரு வரி எழுதியும் விட்டார். பிறகு, பை நிரப்பும்போது பாப்பம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. "இந்தப் பையிலதான் எங்க சோறு இருக்கா ஐயா?" வரியை வெட்டிவிட்டு மறுநாள் திரும்பவும் வத்தேகமவுக்குப் போனார். இம்முறை சாவடியில் "மண்" என்றார். கையசைத்து விட்டுவிட்டார்கள்.

சரிவின் ஒரு துண்டு லாபிர் என்ற விவசாயிக்குச் சொந்தம். அவர் தன் மூங்கிலை ஒழுங்காக வெட்டிவந்தார். அங்கே மண் கறுத்துப் பொலபொலவென்றிருந்தது. புதுக் குருத்து கைப் பருமன். வேலிக்கு இந்தப் பக்கம், அனுமதி நின்றுபோன இடத்தில், உள்ளே நுழையவே முடியவில்லை. கிழட்டுக் கம்புகள் நின்றபடியே செத்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. முழங்கால் அளவு சருகு. குருத்துகள் சுண்டுவிரல் மாதிரி.

"மூணு வருசமான கம்பத்தான் நாங்க வெட்டுறது," என்றாள் பாப்பம்மா, கத்தியால் வழி எடுத்தபடி. "எளசுல கை வைக்க மாட்டோம். வெட்டுன எடத்துல சருகயும் மண்ணயும் அணைச்சு வுடுவோம். இப்ப பாருங்க, சோத்துப் பானைய சுத்தி நின்னுக்கிட்டு எல்லாம் பட்டினி."

சோதனையும் ஏறக்குறைய அதையே சொன்னது. சருகில் காபன் மலையாகக் கிடந்தது. ஆனால் அதை மக்க வைக்கவே மண்ணின் நைதரசனெல்லாம் செலவாகி, மூங்கிலுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். பரமநாதன் "தீமை" என்று எழுதி, அனுமதியைத் திருப்பிக் கொடுக்கச் சிபாரிசும் செய்தார்.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது: கைவிடப்பட்ட காரணம். கிராம சேவகர், "மேலிடத்து உத்தரவு" என்றார். எந்த மேலிடம் என்று கேட்டதும் தேநீர் வேண்டுமா என்றார். லாபிர், "என்னத்த செல்ற சேர், காலம் அப்பிடி," என்று வானத்தைக் காட்டினார். வானம் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்துடன் மூன்றாம் தடவையும் சரிவுக்குப் போனார்.

"பாப்பம்மா, ஒருத்தரும் நேராய்ச் சொல்லீனமில்லை. ஏன் இதைக் கைவிட்டனியள்?"

பாப்பம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "நாங்க எங்க வுட்டோம்? லயத்த எரிச்சதுக்கப்புறம் முகாமுல கெடந்தோம். வெளிய வந்த மொத நாளே ஒங்க ஆபீசுக்குத்தான் வந்தோம். பத்திரத்தப் புதுப்பிக்கணும்னா நீங்க வந்து காட்டப் பாக்கணும்னாங்க. நீங்க வரல. காயிதந்தான் வந்திச்சு. எம்மக வாசிச்சா. 'வெட்ட வேண்டாம், காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.' கீழ ஒங்க கையெழுத்து."

பரமநாதனுக்குக் கலவரத்தை அடுத்து வந்த அந்த ஓகஸ்ட் ஞாபகம் வந்தது. வாசற்கதவுக்கு அலுமாரியை முட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்தே கடிதங்களுக்குப் பதில் எழுதிய மாதம். பயத்துக்கு விஞ்ஞானச் சட்டை போட்டு அனுப்பியிருந்தார். மூன்று வருடத்தில் அதை மறந்தும் விட்டிருந்தார்.

"அப்ப இந்த மண் கெட்டதுக்கு நான்தான் காரணமோ?" என்று சிரிக்கப் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் வரும் என்ற நப்பாசை.

"ஆமாங்கய்யா," என்றாள் பாப்பம்மா. "நீங்க பயந்தீங்க, நாங்களும் பயந்தோம். பயந்தது தப்பில்ல. பயத்துல கைவுட்டத, தானாப் பொழச்சுக்கும்னு எழுதிக் குடுத்தீங்க பாருங்க, அதுதான் தப்பு. மனுசன் கைப்பட்டு வளந்தத மனுசந்தான் பாத்துக்கணும். அந்தக் கட்டத்துல அத எழுதிக்கிங்க."