எட்டாவது வரிசை

வேலைக்கு ஆகாது என்று நான்கு பேர் சொன்ன மெஷினைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதலில் சொன்னவன் என் தம்பி சார்லஸ். ஆரோவில்லில் காடு பராமரிக்கிற வேலை அவனுக்கு. அங்கே ஓரமாகக் கிடந்த மரம் அறுக்கிற மெஷினை எடுத்துக் கொடுத்தவனே, "யக்கா, இது செத்த பொணம், சொல்லிட்டேன்" என்றான். இரண்டாவது, திண்டிவனத்து மெக்கானிக். கயிற்றை இழுத்துப் பார்த்தார், அசையவே இல்லை. "எடைக்குப் போட்டுடும்மா" என்றார். மூன்றாவது, எதிர்வீட்டு அம்சவள்ளி அக்கா. "பொணத்துக்குச் சீவி சிங்காரிக்கப் போறியாடி?" என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டாள். நான்காவது, மெஷினைப் பார்க்காமலேயே சிரித்த கலியபெருமாள் மேஸ்திரி. அந்த ஆள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் இதில் கையே வைத்திருக்க மாட்டேன்.

எங்களுக்கு மரக்காணத்தில் வருஷத்துக்கு இரண்டு பிழைப்பு. வெயில் காலத்தில் உப்பளம். மழை இறங்கி அளமெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் சவுக்குத் தோப்பு. தோப்பில் ஆண்கள் மெஷினால் மரத்தை அறுத்துச் சாய்ப்பார்கள். பெண்கள் பின்னாலேயே போய்ப் பட்டை உரிப்போம். பதினான்கு வருஷமாக என் வீட்டுக்காரர் அற்புதராஜ் சாய்த்தார், நான் உரித்தேன். மெஷின் மேஸ்திரியுடையது. மெஷின் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் தோப்பில் ஒரு வரிசை. கூலியும் வேறு, மரியாதையும் வேறு.

ஐப்பசியில் ஒரு மரம் திரும்பி விழுந்து அவருக்கு வலது தோள் எலும்பு முறிந்தது. மூன்றாம் நாள் மேஸ்திரி அரை டஜன் ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகப் பார்க்க வந்தார். பத்து நிமிஷம் உச்சுக்கொட்டினார். எழுந்து போகும்போது கதவோரம் இருந்த மெஷினையும் கையோடு தூக்கிக்கொண்டார்.

"மேஸ்திரி, கை ஆறுனதும் அவரு வந்துடுவாரு. மெஷின் இங்கியே இருக்கட்டுமே" என்றேன்.

"கை இல்லாத ஊட்ல மெஷின் இன்னாத்துக்கு? மணிகண்டன்கிட்ட குடுக்கப்போறேன். நீ எப்பவும்போல உரிக்க வா. உன்னை வேணாம்னா சொன்னேன்?"

மணிகண்டன் அவருடைய அக்கா மகன். போன வருஷம்தான் மெஷின் பிடிக்கப் பழகினான். அவன் அறுத்த மரம் எந்தப் பக்கம் விழும் என்று அவனுக்கே தெரியாது. கட்டிலில் கிடந்த என் புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"சொந்த மெஷினோட வந்தா வரிசை குடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"யாரு அறுக்கிறது?"

"நான்தான்."

வாசலில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். மேஸ்திரி எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தார். "சரி. அடுத்த வாரம் வுட்டு அதுக்கடுத்த திங்கக்கெழம கீழ்புத்துப்பட்டுல தோப்பு எறங்கறோம். காலைல ஆறு மணிக்கு ஓடுற மெஷினோட லாரிகிட்ட வா. எட்டாவது வரிசை உனக்கு. வரலன்னா அதையும் மணிகண்டனே வெட்டுவான். அப்புறம் அற்புதராஜி கை சரியானாலும் எங்கிட்ட வரிசைன்னு வந்து நிக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே, "என்னைக் கேட்டியா மேரி?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. ஒரு வாரத்துக்கும் மேல் பேசவில்லை.

உனக்கு அறுக்கத் தெரியுமா என்று நீங்களும் கேட்பீர்கள். பதினான்கு வருஷமும் மதியச் சோற்றுக்குப் பிறகு அவர் அரை மணி நேரம் கண் அசருவார். மேஸ்திரியும் அந்த நேரத்தில் லாரிக்குள் படுத்திருப்பார். அந்த அரை மணி நேரத்தில் வரிசை நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்ததே, அது யார் வேலை என்று நினைத்தீர்கள்? இஞ்சின் தெரியுமா என்றால், எங்கள் பழைய டிவிஎஸ் ஃபிப்டியை நானே பிரித்து நானே மாட்டியிருக்கிறேன். அதுவும் பெட்ரோலில் ஆயில் கலந்து குடிக்கிற வண்டி, இதுவும் அப்படித்தான். ஒரே ஜாதி. உருவம்தான் சின்னது.

மெஷினைப் பிரித்த அன்றே அது எப்படிச் செத்தது என்று தெரிந்துவிட்டது. எந்தப் புண்ணியவானோ ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறான். பிஸ்டன் சூட்டில் இளகிச் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொண்டு இறுகிப்போயிருந்தது. மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டிப் பிஸ்டனைக் கழற்றவே ஒரு பகல் போனது. பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. சிலிண்டர் தப்பித்திருந்தது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு, அப்பியிருந்த இடத்தில் மட்டும் வைத்தேன். அலுமினியம் பொசபொசவென்று நுரைத்துக் கரைந்தது. கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். எங்கேயும் தடுக்கவில்லை. ஐயோ, அந்த வழவழப்பு! பெற்ற பிள்ளையைத் தடவிய மாதிரி மனசு குளிர்ந்துவிட்டது.

பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய்ப் புதுப் பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் வாங்கிவந்தேன். கடைக்காரர், "மெக்கானிக்கை அனுப்புங்கம்மா, அளவு மாறிடும்" என்றார். பழைய பிஸ்டனை மேஜைமேல் வைத்து, "இதுதான் அளவு. மெக்கானிக் நான்தான்" என்றேன். பழையதைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை கிராங்கை வெளியே எடுத்தேன். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டு அது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேரிங். இரண்டும் நன்றாகவே இருந்தன, நூல் மாதிரி சுற்றின. பழைய அழுக்கு ஒரு பொட்டு இருக்கக் கூடாது என்று பெட்ரோலில் ஊறவைத்துப் பளபளவென்று கழுவினேன். அப்புறம் தூசு படாமல் இருக்க ஒரு சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். வெள்ளியும் சனியும் கார்புரேட்டரோடும் கிளட்சோடும் போயின. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு வந்து, இன்று எல்லாவற்றையும் பூட்டிவிடலாம் என்று சாக்கைப் பிரித்தேன்.

பேரிங் இரண்டும் காவி நிறத்தில் துருப்பிடித்துக் கிடந்தன. சுற்றிப் பார்த்தால் கரகரவென்று மண்ணை அரைக்கிற மாதிரி சத்தம்.

உப்புச் சாக்கு! எங்கள் ஊரில் எந்த வீட்டில்தான் உப்புச் சாக்கு இல்லை? மிதியடி அதுதான், கோழிக்கூண்டுக்கு மூடி அதுதான், மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வதும் அதுதான். பத்துத் தடவை துவைத்த சாக்கு என்று நினைத்தேன். நூறு தடவை துவைத்தாலும் அதில் உப்பு இருக்கும். கூடவே இருந்த எண்ணெய்ப் பசையையும் நானே கழுவித் தொலைத்திருக்கிறேன். உப்பில் பிறந்து உப்பிலேயே வளர்ந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா? கழுதை, எருமை என்று என்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன். நாளைக் காலை ஆறு மணிக்கு லாரி. ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியில் அந்தக் கடை திறக்காது.

"பேரிங் நெம்பர் இன்னா?" என்று கட்டிலிலிருந்து ஒரு குரல்.

ஒரு வாரத்துக்கும் மேலாக வாயைத் திறக்காத மனுஷன். துருவைச் சுரண்டிப் படித்தேன். "அறுபத்திரண்டு, சைபர் ரெண்டு."

அவர் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தார். "மேல பாரு. நம்ப ஃபேனுக்கு அதே நெம்பருதான். போன வருஷம் மாத்தும்போது நான் வாங்கியாந்தேனே. ரெண்டு பேரிங்கும் அதேதான்."

அந்த ஃபேன், சாமியார் வந்து எங்கள் புது வீட்டை மந்திரித்த அன்றைக்கு மேஸ்திரி கொடுத்தது. கொடுத்ததோடு விட்டாரா? இறக்கையில் 'அன்பளிப்பு: கலியபெருமாள் மேஸ்திரி' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியே கொடுத்தார். நாங்கள் படுக்கும்போதும் எழும்போதும் அவர் பெயர் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்கும்.

"புழுங்குமே உங்களுக்கு" என்றேன்.

"பரவால்ல, கழட்டு" என்றார். பதினைந்து நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது பாவம் என்றால், பாவசங்கீர்த்தனத்தில் நானே சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன். பேரிங்கின் பக்கவாட்டுத் தகட்டை ஊசியால் நெம்பி எடுத்தேன். உள்ளே இருந்த கிரீஸைக் கழுவி, இந்தத் தடவை உடனே ஆயில் விட்டேன். பைக் கடைக்காரர் வீட்டிலிருந்து புல்லர் வாங்கி வந்து துருப்பிடித்ததை இழுத்தெடுத்தேன். ஃபேன் பேரிங்கை ஏற்றுவதுதான் பெரும்பாடு. தண்டில் அது அவ்வளவு இறுக்கம். அடித்து ஏற்றினால் பேரிங் போய்விடும். என் வீட்டுக்காரர் படுத்தபடியே வழி சொன்னார். மீன்காரியிடம் ஐஸ் வாங்கி, கிராங்கைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி அதற்குள் புதைத்தேன். வடைச்சட்டியில் எண்ணெய் காயவைத்துப் பேரிங்கை அதில் போட்டேன். சூட்டில் பேரிங் விரிந்தது, குளிரில் தண்டு சுருங்கியது. இடுக்கியால் எடுத்து வைத்ததும் சட்டென்று போய் உட்கார்ந்துகொண்டது.

நான்கு மணிக்கு வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். மூன்று இழுப்புக்கு ஒன்றுமில்லை. நான்காவதில் இருமியது. தெருவே வந்து நின்றது. அம்சவள்ளி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி, பொணம் எழுந்துக்குதா?" என்றாள். ஏழாவது இழுப்பில் எழுந்தது பாருங்கள்! புகையைக் கக்கிக்கொண்டு அது போட்ட சத்தத்தில் கோழிகள் எல்லாம் கூரையில் ஏறின. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் ஆறு மணிக்கு, சேலைமேல் என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு லாரி முன்னால் போய் நின்றேன். மேஸ்திரி ஓட்டிக் காட்டச் சொன்னார், ஓட்டிக் காட்டினேன். அவர் முகம் சுண்டிப்போனது. அத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்கு, மாற்ற முடியவில்லை. தோப்பில் முதல் மரத்துக்குக் கற்பூரம் காட்டிய பிறகு, உரிக்கிற பெண்களை வரிசை வரிசையாகப் பிரித்து அனுப்பினார். அம்சவள்ளி அக்காவையும் இன்னும் மூன்று பேரையும் ஏழாவது வரிசையில், மணிகண்டன் பின்னால் போட்டார். எட்டாவது வரிசைக்கு ஒருவரும் இல்லை.

"எனக்கு ஆளு?" என்றேன்.

"வரிசை தரேன்னுதான் சொன்னேன். ஆளு தரேன்னா சொன்னேன்? சாயந்தரம் உரிக்காத மரம் கெடந்தா லாரில ஏத்த மாட்டேன். நாளைக்கி வரிசையும் கெடையாது."

அம்சவள்ளி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே ஏழாவது வரிசைக்குப் போனாள். போங்கடி என்று மெஷினைக் கிளப்பினேன். ஒரு மரம், அடுத்த மரம், அடுத்தது. பத்து மணிக்குள் ஐம்பது மரம் சாய்த்தேன். எல்லாம் ஒரே பக்கமாக, நேராக விழுந்தன. எல்லாம் பட்டையோடு கிடந்தன. அறுத்துக்கொண்டே அழுதேன். மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது?

பெட்ரோல் ஊற்ற மெஷினை நிறுத்தினேன். அப்போதுதான் ஏழாவது வரிசையில் சத்தமே இல்லை என்று தெரிந்தது. மணிகண்டனின் பிளேடு மரத்துக்குள் இறுகி மாட்டிக்கொண்டிருந்தது. செயின் சரியில்லை என்று அவன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் நால்வரும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றபடி அம்சவள்ளி அக்கா எழுந்தாள். சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, நேராக என் வரிசைக்கு வந்து முதல் மரத்தில் கத்தியை வைத்தாள். மற்ற மூவரும் பின்னாலேயே வந்தார்கள்.

"ஏ அம்சவள்ளி! உன்னை எங்க போட்டேன்?" என்று மேஸ்திரி கத்தினார்.

"ஏழுல போட்ட. ஏழுல மரம் எங்க மேஸ்திரி கீது? பத்து மணிக்குப் பன்னெண்டு மரம் சாச்சிருக்கான் உன் மருமவன். நாங்க டன்னுக்குக் கூலி வாங்குறவளுங்க. அவன் மூஞ்சியப் பாத்துக்கினு குந்திருந்தா கஞ்சி ஊத்துமா?"

"நாளைக்கி நீ லாரி ஏற மாட்ட!"

"ஏறல. நாலு பேருமே ஏறல. நீயே குந்தி உரி."

மேஸ்திரி நான்கு பேரையும் பார்த்தார். சாய்ந்து கிடந்த ஐம்பது மரத்தையும் பார்த்தார். மூன்று மணிக்கு லாரி நிறைய வேண்டும். லாரிப் பக்கம் திரும்பி நடந்தார். அம்சவள்ளி அக்கா என்னைப் பார்த்து, "இன்னாடி வேடிக்க? வெட்டு. எனக்காண்டிதான் வந்தேன், உனக்காண்டி இல்ல" என்றாள். இருக்கட்டுமே. அப்படி வந்ததுதான் எனக்கும் பிடித்திருந்தது.

மூன்று மணிக்கு லாரி நிறைந்தது. எட்டாவது வரிசை மரம்தான் அதில் அதிகம். மேஸ்திரி பக்கத்தில் வந்தார். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"சூசமேரி, அற்புதராஜி கை எப்ப சரியாவும்? வரச் சொல்லு. இந்த வரிசைய அவனுக்கே குடுத்துடறேன்."

மெஷினைக் கீழே வைத்தேன்.

"கை சரியானா அவருக்கு ஒம்பதாவது வரிசை குடுங்க மேஸ்திரி. எட்டு என்னுது."