ஓரம் பிடிக்கிறவள்

"சுவருக்கு ஃபிரேம் போட்டாச்சு. போட்டோ எங்கம்மா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

ஏணியை மடக்கிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் காலை வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. நோயாளிகள் காத்திருக்கும் அறையின் நீளச் சுவரில், சீலிங்கை ஒட்டி, இரண்டு மூலைகளை ஒட்டி, கீழே தரையோர ஸ்கர்ட்டிங்கை ஒட்டி, நாலு விரல் அகலத்துக்குச் சுற்றிவர ஒரு பட்டை. ஓரத்திலும் நடுவிலும் ஒரே பச்சை, ஒரே டின். ஆனால் ஓரம் தனியாக மினுங்கியது.

"காய்ஞ்சா சரியாகிடுமா?"

"காய்ஞ்சுதான் இப்படி இருக்கு, டாக்டர்."

"வர்றவங்க உட்கார்ந்து இதையேதானே பார்ப்பாங்க. ஏற்கெனவே பாதி உசுர கையில பிடிச்சுக்கிட்டு வர்றவங்க."

"என் தப்புதான். திரும்ப அடிச்சுத் தர்றேன்."

"திங்கக்கிழமை திறக்கணும்."

"ஞாயித்துக்கிழமையே முடிச்சிடறேன்."

அவர் போகாமல் நின்றார். "அப்போ மாடி அடிக்கறப்ப ரெண்டு பேர் வந்தீங்களே. கோடும் உருளையும்னு எங்கம்மா பேர் வெச்சாங்க. அந்தக் கோடு எங்க?"

"அவ வேற வேலையில இருக்கா."

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். எந்த இடத்தில் வலி என்று கண்டுபிடித்துவிட்டு, அதைத் தட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

கோடு என் தங்கை. உருளை நான். இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து சுவர் அடித்தோம். சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் பிரஷால் கோடு பிடிப்பது அவள் வேலை. கலர் சீலிங்கில் ஏறாமலிருக்க டேப் ஒட்டமாட்டாள், ஸ்கேல் வைக்கமாட்டாள், மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. அவளுக்குப் பின்னாலேயே ரோலர் உருட்டிக்கொண்டு போவது என் வேலை. "ரெண்டு கை தூரத்துக்கு மேல தள்ளி நிக்காத. உன் ரோலர் சத்தம் என் பிடரியில கேட்கணும்" என்பாள். அவள் பிடித்த ஓரம் ஈரமாக இருக்கும்போதே என் ரோலர் அதைத் தொட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். ஓரம் காய்ந்துவிட்டால், தலைகீழாக நின்றாலும் சேராது.

தனியாக அடிக்கிறவள் என்ன செய்வாள்? ஏணியில் ஏறி ஓரம் பிடிக்க வேண்டும், இறங்கி ஏணியை நகர்த்த வேண்டும், மறுபடி ஏற வேண்டும். ரோலரை எடுப்பதற்குள் முதலில் பிடித்த ஓரம் காய்ந்திருக்கும். அந்த நாலு விரல் பட்டையைப் பார்த்தாலே தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள், இவளோடு யாரும் இல்லை என்று.

அவள் ஏன் போனாள் என்று கேட்டவர்களிடம் நான் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். நடந்தது இதுதான். நான் டேப் ஒட்டினேன்.

அந்த வருஷம் அவள் கை ஆட ஆரம்பித்திருந்தது. முதலில் டீ கிளாஸில் தெரிந்தது. பிறகு கோட்டில். காலையில் கோடு நேராகத்தான் இருக்கும், மத்தியானத்துக்கு மேல் அதில் சின்னச் சின்னப் பல் முளைக்கும். அவள் சாப்பிடப் போகிற நேரத்தில் நான் வெள்ளையைத் தொட்டுச் சரிசெய்துவிடுவேன். மூன்று மாதம் அப்படி ஓட்டினேன். அப்புறம் ஒருநாள், ஒரு பெரிய ஹால் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், சீலிங் ஓரம் முழுக்க டேப் ஒட்டி வைத்தேன். அவளுக்குக் கஷ்டம் குறையட்டும் என்றுதான் செய்தேன்.

அவள் வந்தாள். பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"இத யாரு ஒட்டினது?"

"நான்தான். இந்த சீலிங் சொரசொரப்பா இருக்கு. அதான்."

ஏணியில் ஏறி சீலிங்கைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"சரி" என்றாள். இறங்கி வந்து பிரஷ்ஷை ஜன்னல் மேடையில் வைத்தாள். மேலே போட்டிருந்த பழைய சட்டையைக் கழற்றி மடித்தாள். "எனக்கு பஸ்சுக்கு நேரமாச்சு" என்றாள், காலை ஒன்பது மணிக்கு. கோபத்தில் கதவைக்கூட அறையவில்லை. முந்தின நாள்தான் அதற்கு எனாமல் அடித்திருந்தோம்.

அடுத்த மாதம் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிற மெஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தக் கடையை விட்டுவிட்டு ஊரின் அந்தக் கோடிக்குப் போய் டின் தூக்கி வந்தேன். எங்கள் அண்ணன் வீட்டில் பார்த்தால் "சாப்பிட்டியா?", "ஆச்சு." இரண்டு வருஷமாக எங்கள் பேச்சு அவ்வளவுதான். துணைக்கு ஆள் வைத்தும் பார்த்தேன். ஒருவர் நாள் முழுக்க விசில் அடித்தார், ஓரம் அடிக்கவில்லை. இன்னொருத்தி என்னைவிட மெதுவாக இருந்தாள்.

சனிக்கிழமை அவள் கடைக்குப் போனேன்.

"என்ன வேணும்?" கடைக்கு வருகிற எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

பழைய டின் மூடியைக் கவுண்டரில் வைத்தேன். "இதே பச்சை. நாலு லிட்டர், ரெண்டு டின். சாட்டின்."

மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "எந்த ரூமுக்கு?"

"பல் டாக்டர் வீட்டுக் கீழ் ரூம்."

"ஜன்னல் பக்கவாட்டுல இருக்குமே, அதுவா?"

"அதேதான்."

"ஓரம் தெரியுதா?"

தலையாட்டினேன்.

"எத்தன விரல்?"

"நாலு."

மூடியைக் கீழே வைத்தாள். "மேட் வாங்கிட்டுப் போ. மினுக்கம் இருக்காது, ஓரமும் தெரியாது. தனியா அடிக்கறவங்க எல்லாம் அதைத்தான் வாங்கறாங்க."

"நாற்காலி உரசற சுவரு. தலை சாய்ப்பாங்க, எண்ணெய் படும். மேட்டைத் துடைக்கத் துடைக்க அந்த இடம் மட்டும் வழுக்கை மாதிரி பளபளக்கும்."

"அப்போ சாட்டின்தான். சாட்டினுக்கு ரெண்டு பேர் வேணும்."

"தெரியும்."

"யாரு வர்றா?"

"யாரும் வரல."

"ஏன், விசில்காரர் என்ன ஆனார்?"

"அவர உனக்கு எப்படித் தெரியும்?"

"பெயிண்ட் கடையில உட்கார்ந்திருக்கேன். யாரு யாரோட அடிக்கறாங்கன்னு கூடவா எனக்குத் தெரியாது?"

மெஷின் சொட்டுச் சொட்டாகக் கலர் விட்டது. அவள் ஒரு குச்சியால் தொட்டு, பழைய மூடியில் ஒரு பொட்டு வைத்தாள். வைக்கும்போது வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கோ" என்றாள். "இங்க மெஷினே டின்னைப் பிடிச்சு ஆட்டு ஆட்டுனு ஆட்டுது. அது முன்னாடி என் கை ஆடறது யாரு கண்ணுலயும் படாது."

"ஆஸ்பத்திரியில காட்டினியா?"

"காட்டினேன். பெரிய வியாதி ஒண்ணும் இல்லையாம். உங்க வீட்ல யாருக்காவது இருக்கான்னு அங்க டாக்டர் கேட்டார். எங்கம்மாவுக்கு இருந்துச்சுன்னேன். அப்ப குடும்பச் சொத்து, பத்திரமா வெச்சுக்கோங்கன்னார்."

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கும் உதட்டோரம் அசைந்தது. உடனே ஹேர் டிரையரை எடுத்துப் பொட்டைக் காயவைத்தாள். ஈரத்தில் பார்த்து கலர் ஒத்துப்போகிறது என்று சொல்ல மாட்டாள், எப்போதும் இப்படித்தான். காய்ந்ததும் பொட்டு இருந்த இடமே தெரியவில்லை.

"கடைக்கு என்னைக்கு லீவு?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை."

சொல்லிவிட்டு டின்னை ஆட்டுகிற மெஷினில் ஏற்றி பட்டனை அழுத்தினாள். அதன் சத்தத்தில் பேசவே முடியாது. நின்றதும் இரண்டு டின்னையும் என் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டையும் ஒரே வாளியில ஊத்திக் கலந்துக்கோ. டின்னுக்கு டின் கொஞ்சம் மாறும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதாடி?"

"அடுத்தவங்க வாங்க" என்றாள், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே போய்விட்டேன். நாற்காலிகளை நடுவில் சேர்த்துத் துணி போட்டு மூடினேன். மினுங்கிய பட்டையை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தேன். தெருவில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டபோதெல்லாம் என் கை தானாக நின்றது. எட்டு மணி பஸ், எட்டரை பஸ், ஒன்பது மணி பஸ். பழுப்புக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த அவளுடைய பிரஷ்ஷை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தேன். இரண்டு டின்னையும் ஒரே வாளியில் ஊற்றினேன். கலக்கினேன். கலந்ததையே மறுபடி கலக்கினேன்.

பத்து மணிக்கு மேல் காத்திருக்க முடியவில்லை. என் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

"பாம்பு ஊர்ந்து போன மாதிரி இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நல்ல சட்டை போட்டிருந்தாள். தோளில் கைப்பை. வேலைக்கு வந்தவள் மாதிரியே இல்லை.

"கலர் சரியா வந்திருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"வந்திருக்கு."

"ஈரத்துல சொல்லாத." துணியை விலக்கி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பல்லு பிடுங்க வந்தவ மாதிரி உட்காராத."

"நீ ஓரத்தைப் பாரு."

பார்த்தேன். அவள் ஜன்னல் மேடையிலிருந்த பிரஷ்ஷை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "இது என் பிரஷ்தானே?" என்றாள்.

"ம்."

"யாரு உபயோகிச்சா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"மாசம் ஒரு தடவ கழுவுவேன்."

"தொடாத பிரஷ்ஷ எதுக்குக்கா கழுவணும்?"

ஏணியிலிருந்து இறங்கி, நகர்த்தி, மறுபடி ஏறினேன். முட்டி வலித்தது.

"காயுது" என்றாள்.

"என்னது?"

"நீ மொதல்ல பிடிச்ச ஓரம். அந்த மூலையில காய ஆரம்பிச்சிடுச்சு."

"தெரியுது."

"தெரிஞ்சா ரோலரை எடு."

"இந்தப் பக்கம் யாரு பிடிக்கறது? எனக்கு என்ன நாலு கையா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் பிரஷ்ஷைத் தோய்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

"அக்கா, காயுதுக்கா" என்றாள் மறுபடி. சாதம் அடிப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவள் குரல் அது.

கைப்பை தரையில் விழுகிற சத்தம். பிறகு ட்ரேயில் ரோலர் புரளுகிற சத்தம்.

"சட்டையில படும்டி."

"பட்டாப் படட்டும். நீ நிக்காத, போ போ."

கம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கை ஆடியதோ இல்லையோ, ரோலரில் அது தெரியவில்லை. நான் முன்னால் போனேன், அவள் பின்னால் வந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் முன்னால் போனதே இல்லை. சவ், சவ் என்று பிடரிக்குப் பக்கத்தில் ஒரு ஈரச் சத்தம். நான் வேகமாகப் போனால் அதுவும் வேகமாக வந்தது, நான் தயங்கினால் அதுவும் தயங்கியது. இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் மூச்சை அடக்கிக் கோடு பிடித்திருக்கிறாள். துணை இல்லாமல் நான் மட்டும்தான் தவித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீளச் சுவர் முடிந்து மூலைக்கு வந்தோம். மூலையில் நிற்கலாம், அங்கே ஒட்டுப் போட்டது தெரியாது. அவள் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தாள். ஆறேழு இடத்தில் பச்சை ஏறியிருந்தது.

"டேப் எடு" என்றாள்.

"எதுக்கு?"

"அடுத்த சுவருக்கு. இப்படியே போனா டாக்டருக்கு சீலிங்கும் பச்சைதான்."

"டேப் இல்ல."

"பொய் சொல்லாத. பையில அடியில கிடக்கும்."

கிடந்தது. அன்றைக்கு ஒட்டி மிச்சமிருந்த அதே சுருள். ஓரமெல்லாம் தூசி ஒட்டிப் பழுத்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் ஏணியில் ஏறினாள். டேப்பை இழுக்கும்போது கை ஆடியது, மறைக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒட்டிக்கொண்டே போனாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தேன்.

ஒட்டி முடித்துவிட்டு மேலேயிருந்து என்னைப் பார்த்தாள்.

"இந்த சீலிங் சொரசொரப்பா இருக்கு. அதான்."

"ஆமா" என்றேன். "ரொம்ப சொரசொரப்பு."

அவள் தன் பிரஷ்ஷால் ஓரம் பிடித்தாள், நான் பின்னால் ரோலர் உருட்டினேன். ஈரம் காய்வதற்குள் டேப்பை உரித்தோம். பச்சை ஏறிய இடங்களை வெள்ளை தொட்டு மறைத்தோம். ஒரு மணிக்கு முடிந்துவிட்டது. அவள் சட்டையில் மூன்று இடத்தில் பச்சை.

நான் தலையைச் சாய்த்து நீளச் சுவரைப் பார்த்தேன். வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது. பட்டை இருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை.

"இப்பப் பாத்து என்ன தெரியும்?" என்றாள் கைப்பையை மாட்டிக்கொண்டே. "நாளைக்குக் காலையில வெயில் விழணும்."

"நீ வந்து பாரேன்."

"எனக்குக் கடை இருக்கு."

"ம்."

"நீ பாத்துட்டு வந்து சொல்லு."

"கடைக்கா?"

"வேற எங்க?" வாசல் வரை போனவள் திரும்பினாள். "வரும்போது என் பிரஷ்ஷ எடுத்துட்டு வா. கழுவாம எடுத்துட்டு வா. நான் கழுவிக்கறேன்."