எல்லாம் பெரிய எழுத்தில்

ஞானசிங்குக்கு பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. திருப்பதியில் ஏறியதிலிருந்து மடியில் இருந்த உறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். உள்ளே மகள் எலிசாவின் கல்யாணப் பத்திரிகை. காலடிப் பையில் பழமும் மற்ற வீடுகளுக்கான பத்திரிகைகளும். அவர்கள் குடும்பத்தில் முதல் பத்திரிகை மூத்தவர் கைக்குப் போக வேண்டும். மூத்தவர் ஜெபம் பண்ணிக் கொடுத்த பிறகுதான் மற்ற வீடுகளுக்கு. மூத்தவள் என்றால் சித்தூரில் இருக்கும் அக்கா யூனிஸ்.

அக்கா அவர் வாசலை மிதித்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகன் ஜோனத்தானின் கல்யாணத்தன்று சர்ச்சில் யாரோ அவளை இரண்டாம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் சொந்த அத்தையை! அவள் எழுந்தாள், ஒரு வாய் சோறு சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். பந்தியில் சபையார் எல்லோரும் "அக்கா எங்கே?" என்று கேட்டே அவர் மானத்தை வாங்கினார்கள். இந்தக் கல்யாணத்துக்கும் அவள் வராவிட்டால் குடும்பம் இரண்டுபட்டது என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

ஆனால் "வா" என்று கெஞ்ச அவர் நாக்கு வளையாது. அதனால் பத்திரிகையைப் பேச வைத்தார். அழைப்பவர்கள் வரிசையில், தன் பேருக்கும் மேலே, முதல் வரியில் அக்காவின் பேர்.

எழுத்தைத் தேர்ந்தெடுத்தவள் எலிசா. கார்டு கடை மோனிகா கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வர, இதைக் கண்டதும் நிறுத்தச் சொன்னாள். மை தொட்ட பேனாவால் ஒரே மூச்சில் எழுதியது போன்ற ஆங்கில எழுத்து. ஏறுகிற கோடு மயிரிழை, இறங்குகிற கோடு தடிப்பு. பெரிய எழுத்துக்குத் தலையில் ஒரு சுழி, காலில் நீண்ட வால்.

"ராஜா வூட்டு எழுத்தும்மா இது," என்று அவரே மெச்சினார். பிறகுதான் பேர்களைப் பார்த்தார். "இன்னா இது, முதல் எழுத்து மட்டும் பெருசு? எல்லாத்தையும் பெருசா போடு."

"நைனா, இது அதுக்கான எழுத்து இல்ல," என்றாள் எலிசா. "முன்னால ஒண்ணு பெருசா நிக்கணும், சின்னதெல்லாம் கையைக் கோத்துக்கினு பின்னால வரணும். எல்லாம் பெருசுன்னா ஒண்ணோட வாலு இன்னொண்ணு கழுத்துல சுத்திக்கும்."

"சர்ச் கல்லுல எங்க தாத்தா பேரு எப்படி வெட்டிகீது? அத்தினியும் பெரிய எழுத்து. நம்ம வூட்டுப் பேரை நான் கூனிக்கினு நிக்க வைக்கமாட்டேன்."

மோனிகா எலிசாவைப் பார்த்தாள். எலிசா கூரையைப் பார்த்தாள். பத்திரிகை அவர் சொன்னபடியே அச்சேறியது.

பாகாலாவில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எட்டிப் பார்த்தார். "கல்யாணமா சார்? யாருது?"

"படிச்சுப் பாருங்க."

அந்த மனுஷர் கார்டை நேராகப் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார், வெளிச்சத்துக்குக் காட்டினார். "டிசைன் பாகுந்தி சார், ரொம்ப நல்லாருக்கு. பேரு உள்ள பக்கமா?"

ஞானசிங் கார்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே கண் போன இடமெல்லாம் அதே எழுத்து. ஒரு கேக் கடைப் பலகை, ஒரு புடவைக் கடை, ஒரு பியூட்டி பார்லர். எல்லாவற்றிலும் முதல் எழுத்துதான் பெரிது, மிச்சம் சின்னது. ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படிக்க முடிந்தது.

யூனிஸ் கதவைத் திறந்தாள், நாற்காலியைக் காட்டினாள், தண்ணீர் வைத்தாள். பழத்தட்டோடு அவர் நீட்டிய பத்திரிகையை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"இன்னாடா சிங்கு இது? அவரைப்பந்தல் மாதிரி கொடி ஓடிக்கினு கீது. யார் பேரு, ஒண்ணும் புரியலயே."

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். பத்திரிகை பேச வேண்டும்.

விரலை வைத்துக் கொஞ்சம் தேடினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "சரி வுடு. என் பேரு இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா. வழக்கத்துக்குக் கொணாந்தே, ஜெபம் பண்ணித் தரேன். கல்யாணத்துக்கு மட்டும் என்னை எதிர்பார்க்காத."

அவர் எழுந்தார். வாசல்வரை போனார். ஒரு காலில் செருப்பு ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கார்டு மேஜைமேல் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார், கார்டை எடுத்தார், ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறவர் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"திருமதி யூனிஸ் சாமுவேல்," என்று வாசித்தார்.

அக்கா நிமிர்ந்தாள். "எத்தினியாவது வரி?"

"முதல் வரி."

"நீ?"

"உனக்குக் கீழ."

"காது அடைச்சிக்கினு கீது. இன்னொரு வாட்டி படி."

அவள் காதுக்கு ஒரு குறையும் கிடையாது என்பது அவருக்கா தெரியாது? இந்த முறை உரக்கவே வாசித்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"பெஞ்சு?"

"முதல் பெஞ்சு, அக்கா. நானே கூட்டிக்கினு போய் உக்கார வைக்கிறேன்."

யூனிஸ் கார்டை வாங்கி, சிக்கிக் கிடந்த அந்த வரிமேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி ஜெபித்தாள். ஆமென் சொன்ன கையோடு கேட்டாள்:

"மத்தவங்களுக்கு? வூடு வூடா போய் இப்படியே நின்னுக்கினு படிப்பியா?"

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"இரு, பொடவை மாத்திக்கினு வரேன். தெருவுல நம்ம சபை ஆளுங்க நெறைய பேரு கீறாங்க. முதல் வரியை நான் படிக்கிறேன். மிச்சத்தை நீ படி."