செங்குத்துக் குளம்

லிஃப்ட் மெக்கானிக்கின் தோட்டத்துக் குளத்தில் முதல் தேனீ மூழ்கிச் செத்த அன்று, அவர் வீட்டுச் சர்க்கரை இனிப்பதை நிறுத்தியது. மற்றபடி அன்று விசேஷம் எதுவும் இல்லை. வெயில் வழக்கம்போல, குழாயில் தண்ணீர் வரும் நேரமும் வழக்கம்போல. மெக்கானிக்கின் மனைவி கடைக்காரரைத் திட்டினாள், வேறு கடையில் வாங்கினாள், அந்தக் கடைக்காரரையும் திட்டினாள். இரண்டாவது தேனீ மூழ்கியபோது வெல்லத்தின் இனிப்பும் போனது. பிறகு ஒவ்வொரு தேனீக்கும் ஒவ்வொன்றாக பிஸ்கட், மாம்பழம், இருமல் மருந்து. அவள் ரத்தத்திலும் சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டர் மகிழ்ந்துபோய், என்ன மாத்திரை என்று அவளிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்.

குளத்தைத் தோண்டியது மெக்கானிக்தான், ஓய்வு பெற்ற கையோடு. ஆயுள் முழுக்க லிஃப்ட் ஓடும் குழியைப் பார்த்த மனுஷன் வேறு எதைத் தோண்டுவார்? நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நாலு சுவரையும் இம்மி பிசகாமல் செங்குத்தாக இறக்கி, உள்ளே சிமெண்டை வழவழவென்று பூசினார். பார்க்க வந்தவர்கள் இது எந்த மாடிக்குப் போகிறது என்று விசாரித்தார்கள். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். குழாய்த் தண்ணீரை நேராகத் திறந்து நிரப்பி, பாசி பிடிக்கக் கூடாதென்று ஒரு கை பிளீச்சிங் பவுடரும் தூவினார். உள்ளே விட்ட ஆரஞ்சு மீன்கள் ஒரு வாரத்தில் சலவைக்குப் போட்ட சட்டைபோல வெளுத்துவிட்டன. மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்ததால்தான் அவை இருப்பதே தெரிந்தது.

தேனீக்கள் அவருடைய தங்கையுடையவை. அவள் தையல்காரி. பக்கத்து வீடு, நடுவில் இடுப்பளவுச் சுவர். மொட்டைமாடியில் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை தையல் மெஷின், தேனீக்கள், அண்ணன், இதே வரிசையில். வெயில் ஏறினால் தேனீக்கள் தண்ணீர் தேடி அண்ணன் வீட்டுக் குளத்துக்குப் போகும். உட்கார இடமில்லாமல் தண்ணீரிலேயே இறங்கும். நனைந்து, சுவரைப் பிடித்து ஏறப் பார்த்து, வழுக்கி விழும். செத்தவற்றை அவள் பொத்தான் டப்பாவில் பொறுக்கிக் கொண்டுவந்து சுவர்மேல் வைத்தாள்.

"ரெக்கை இருக்குல்ல? பறக்க வேண்டியதுதானே?" என்றார் மெக்கானிக்.

"நனைஞ்ச ரெக்கையோட நீ பறந்து காமியேண்ணே, நானும் பார்க்கிறேன்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தீப்பெட்டி அளவில் ஒரு லிஃப்ட் செய்து, பொம்மைக் காரின் மோட்டாரைப் பொருத்தி, குளத்துச் சுவரில் ஓடவிட்டார். தேனீ ஒன்றுகூட ஏறவில்லை. ஒரு வீட்டு ஈ மட்டும் ஏறி, சாயங்காலம்வரை மேலும் கீழும் போய்வந்தது. அதற்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. தேனீக்கள் பாட்டுக்கு மூழ்கிக்கொண்டிருந்தன.

அந்த வீட்டில் கடைசியாகப் போன இனிப்பு 'அண்ணே' என்ற சொல். தங்கை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மனைவியிடம் மட்டும் பேசினாள். "அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வண்டி வருது. நான் என் மகன் வீட்டுக்கே போயிடறேன். பெட்டிங்களை வேற யாருக்காவது குடுத்துடறேன். லிஃப்டுல மாட்டின ஊர்சனத்தை எல்லாம் வெளிய எடுத்தாராம். அவர் தோண்டின குழியில மாட்டினதை யார் எடுப்பா?"

கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் குளத்தோரம் போய் உட்கார்ந்தார். மாட்டியவர்களை நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் ஒருநாளும் விட்டதில்லை. மணப்பெண்ணை எடுத்திருக்கிறார், பீரோவை எடுத்திருக்கிறார், எந்த மாடியில் இறங்குவது என்று சண்டை போட்ட இரண்டு வக்கீல்களைச் சண்டையோடு எடுத்திருக்கிறார். இப்போது காலடியில் ஒரு தேனீ சுவரில் ஏறியது, வழுக்கியது, ஏறியது. விரலை நீட்டி அதை எடுத்துவிட்டு, கடப்பாரையைக் கொண்டுவந்தார்.

ஒரு பக்கச் சுவரை இடித்துச் சரிவாக்கினார். அவர் கையால் ஒரு சுவர் சாய்ந்ததைப் பொறுக்க முடியாமல் தூக்குக்குண்டு அன்று முழுவதும் கோணலாகவே தொங்கியது. ஓரத்தில் ஆழமில்லாத படி கட்டி, தலை தண்ணீருக்கு மேலே தெரியும்படி கூழாங்கற்களை அடுக்கினார். நடுவில் ஆழத்தை விட்டுவைத்து, வெயிலுக்கு மீன்கள் ஒளிய அல்லி வைத்தார். புது சிமெண்ட் சுண்ணாம்பு கக்கும் என்பதால் நிரப்பி, இறைத்து, மறுபடி நிரப்பினார். குழாய்த் தண்ணீரைத் திறந்த பீப்பாய்களில் பிடித்து, மருந்து வாடை போகும்வரை ஆறவிட்டே ஊற்றினார். பவுடர் டப்பா குப்பைக்குப் போனது. ரோஜாவுக்கு அடிக்கும் பூச்சி மருந்தையும் வீசச் சொல்லி மனைவியே எடுத்துக் கொடுத்தாள். குளம் தயாராகும்வரை மீன்கள் குளியலறைத் தொட்டியில் இருந்தன. குளிக்கப் போகும்போது அவள் அவற்றைக் கண்ணை மூடச் சொன்னாள். இமை இல்லாததால் அவை மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டன. மறுபடி குளத்தில் விட்டதும் வாலிலிருந்து ஆரம்பித்து மெல்ல ஆரஞ்சாகின.

தங்கை எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்ன ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. தையல் மெஷினை ஏற்றியாகிவிட்டது. அண்ணி போட்டு, ஆறட்டும் என்று சுவர்மேல் வைத்திருந்த டீயைக் குடிக்க வந்தவள், தன் தேனீ ஒன்று கூழாங்கல்லில் உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சுவதைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. தேனீ நடுக்குளத்தில் விழுந்தது. மெக்கானிக் வேட்டியோடு இறங்கப்போனார். அதற்குள் பெரிய மீன் மேலே வந்து, தேனீயை மூக்கால் தள்ளிக்கொண்டு படிவரை போய், கல்லில் ஏற்றிவிட்டுத் திரும்பியது, தினமும் செய்கிற வேலை மாதிரி. தேனீ ரெக்கையை உலர்த்திக்கொண்டு பறந்தது.

அடுக்களையிலிருந்து மனைவி கத்தினாள். "என்னங்க! யாரு என் டீயில சர்க்கரையைக் கொட்டினது?" இனிக்காத சர்க்கரையைக் கைகையாக அள்ளிப்போட்டுப் பழகியிருந்தாள் அல்லவா, அத்தனையும் ஒரே நேரத்தில் இனித்துவிட்டது. உப்பு ஜாடியும் கொஞ்சம் இனித்ததாகச் சொல்கிறார்கள். நாம் குறைத்தே சொல்கிறோம். சுவரோரம் தங்கை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணே, இதென்ன டீயா, பாகா?"

வண்டிக்காரர் யாரும் சொல்லாமலே மெஷினை இறக்கிவைத்தார்.

அதன்பின் வருஷங்கள் போயின. மீன்கள் கரைசேர்க்கும் வேலையைத் தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டு செய்கின்றன. தேனீப் பெட்டிகள் இரண்டு மடங்காகிவிட்டன. அக்கம்பக்கத்துத் தேனீக்களும் வருகின்றன. தூக்குக்குண்டு இன்னும் லேசாகக் கோணல்தான். அந்த இரண்டு வீட்டிலும் இப்போது யாரும் சர்க்கரை வாங்குவதில்லை. டீயை ஆற்றும்போது குளத்துப் பக்க ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். தித்திப்பு கூடினால் சாத்திவிடுகிறார்கள்.