ஒட்டடைக்குச்சி எழுதிய மன்னிப்புக் கடிதம்

அந்த ஐந்தாம் வகுப்பில் ஆசிரியை வைத்ததுதான் சட்டம். யாரையாவது வம்புக்கு இழுத்தால், இழுத்தவர் மன்னிப்புக் கடிதம் எழுதி எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். வம்புக்கு ஆளானவர் எழுந்து மன்னித்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். அதோடு விவகாரம் முடிந்தது.

ஒருத்தியின் நாற்காலியில் பசை தடவும்போது கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள், முரட்டுத்தனத்தால் வகுப்பில் புல்டோசர் என்று பெயரெடுத்தவள். ஒல்லியாக இருந்த ஒரே குற்றத்துக்காக அந்த ஒருத்திக்கு ஒட்டடைக்குச்சி என்று பட்டம் சூட்டி, ஒரு வருஷமாகப் பாடாய்ப் படுத்தியவள் இவள். எழுதுவதென்றால் மட்டும் இவளுக்கு வேப்பங்காய். வகுப்பில் நன்றாக எழுதக்கூடியவளைத் தேடிப் போனாள். அது யாரென்றால், அதே ஒட்டடைக்குச்சி.

"நீயே எழுதிக் குடு. நல்லா இருக்கணும். இல்லேன்னா பாத்துக்க."

தனக்கு வரவேண்டிய மன்னிப்பைத் தானே எழுதிக்கொள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? முதலில் அழுகை அழுகையாக வந்தது. அப்புறம் கை சூடு பிடித்தது. இவளைப் போல அறிவும் அழகும் உள்ள பெண்ணை நான் பார்த்ததே இல்லை என்று தன்னைப் பற்றியே தடபுடலாக ஆரம்பித்தாள். யார் தடுக்கப் போகிறார்கள்? பிறகு பையை ஒளித்து வைத்தது, பசை தடவியது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். இனி அந்தப் பட்டப்பெயரைச் சொல்ல மாட்டேன் என்று புல்டோசர் சார்பில் சத்தியமும் செய்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கடைசி வரிதான்.

மறுநாள் வகுப்பின் முன் நின்றபோதுதான் புல்டோசர் கடிதத்தைப் பிரித்தே பார்த்தாள். அறிவும் அழகும் வந்தபோது வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. சத்தியத்தையும் வாசித்து முடித்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு மிஸ். ஸ்கூல் வேன்ல இவளோட அட்டை வீட்டு மேல தெரியாம உக்காந்தது நான்தான். பயத்துல சொல்லலை."

ஒட்டடைக்குச்சி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்காட்சிக்குச் செய்த அந்த வீட்டை, முன் இருக்கைக்குப் போகும்போது பார்த்துக்கொள் என்று ஒன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பியிடம்தான் ஒப்படைத்திருந்தாள். அவன் வேனில் தூங்கிப்போனான்; இறங்கும்போது வீடு நசுங்கிக் கிடந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று அவன் அழுததைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தலையில் குட்டி, பூசணிக்காய் என்று பட்டமும் வைத்து, இருபது நாளாக அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மன்னித்தாயா என்று ஆசிரியை கேட்டார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பெருந்தன்மையான முகம் எங்கே போனதோ தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் மிஸ் என்று அவசரமாகச் சொன்னாள். நிஜமாகவே மன்னித்திருந்தாள். புல்டோசர் மூக்கை உறிஞ்சினாள்.

சாயங்காலம் வீட்டில் ஒட்டடைக்குச்சி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். தனக்கென்றால் பக்கம் பக்கமாகப் பொழிந்த கை, தம்பிக்கு ஒரு வரி எழுதத் திணறியது. அவனுக்கு இன்னும் எழுத்துக் கூட்டவே வராது என்பது பிறகுதான் உறைத்தது. எழுந்துபோய், தரையில் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் முன்னால் நின்றாள்.

"வீட்டை நசுக்கினது நீ இல்லடா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. என்னை மன்னிச்சிடு."

அவன் லாரியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேனேக்கா."

ஆமாம், சொன்னாய் என்று ஒப்புக்கொண்டு, அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.